எம்டனுக்கு நான்காவது புகைபோக்கி: போர்க்கப்பல் மாடலில் எங்கே கையை நிறுத்துவது

எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு பிஸ்மார்க் கிடக்கிறது, இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல், பிளாஸ்டிக் மாடலாக. 1/350 அளவு, அதாவது நிஜக் கப்பலில் 350-ல் ஒரு பங்கு, 72 சென்டிமீட்டர் நீளம். நான்கு வருடமாக அதே நிலைதான். உடல்பகுதி ஒட்டியாகிவிட்டது, மேல்தளத்தில் பாதிக் கட்டுமானம் எழும்பியிருக்கிறது, மீதிப் பாகங்கள் அட்டைப்பெட்டியில். ஒவ்வொரு போகிக்கும் அம்மா அதை இறக்கித் தூசி தட்டி, "ஏண்டி, இது இன்னும் கரை சேரலையா? தூக்கி நெருப்புல போட்டுடவா?" என்று கேட்பார். நானும் ஒவ்வொரு போகிக்கும் "இந்த வருஷம் முடிச்சிடறேன்மா" என்பேன்.

அது நின்று போனதற்குக் காரணம் ஒரு குட்டி விமானம். பிஸ்மார்க்கில் அராடோ 196 என்ற கடல்விமானங்கள் இருந்தன. அவற்றை நிறுத்தக் கப்பலின் நடுவே கொட்டகைகள் உண்டு. நான் ஒரு விமானத்துக்குப் பித்தளைத் தகட்டிலிருந்து வெட்டிய ப்ரொப்பெல்லர், மிதவைகளைத் தாங்கும் கம்பிகள், விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடிச் சட்டம் என்று மூன்று வாரம் செலவழித்தேன். விமானமே 3 சென்டிமீட்டர்தான். செய்து முடித்துக் கொட்டகைக்குள் வைத்தேன். கதவை மூடி ஒட்டினேன். அன்று ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது: இனி அந்த விமானத்தை என் ஆயுளில் யாரும் பார்க்கப்போவதில்லை, நான் உள்பட. மறுநாள் மேஜைக்குப் போனால், இன்னும் வெட்டாத பித்தளைத் தகடுகள் அடுக்காக இருந்தன. கை போகவில்லை.

நான் பல் லேபில் டெக்னீஷியன். காலையில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஏழு வரைக்கும் கண்ணில் லூப்பை (உருப்பெருக்கிக் கண்ணாடியை) மாட்டிக்கொண்டு கிரவுன், பிரிட்ஜ் என்று செதுக்கிக்கொண்டிருப்பேன். விளிம்பில் ஒரு தலைமுடி நுழையும் இடைவெளி தெரிந்தாலும் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்புவதும் நியாயம்தான், அந்த இடைவெளிக்குள் சோறு போய் உட்கார்ந்தால் அடிப்பல் சொத்தையாகும். அங்கே நுணுக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. கப்பலில் யாருக்குச் சொத்தை விழப்போகிறது? இந்தக் கேள்வியை என்னையே கேட்டுக்கொள்ள எனக்கு நான்கு வருடம் பிடித்தது. பிஸ்மார்க்குக்கு அப்புறம் செய்து முடித்த எம்டனை, முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் போர்க்கப்பலை வைத்து, எப்படி முடித்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு சீட்டு

லேபுக்கு வரும் ஒவ்வொரு வேலையோடும் டாக்டரின் ஆர்டர் சீட்டு வரும். எந்தப் பல், என்ன பொருள், என்ன ஷேடு, எந்தத் தேதிக்கு. அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. அதே மாதிரிச் சீட்டில் கப்பலுக்கும் எழுத ஆரம்பித்தேன். பெட்டியைத் திறந்த அன்றே, ஒரு பாகத்தைக்கூட வெட்டுவதற்கு முன்னால், மூன்று வரி.

முதல் வரி: கப்பலின் வாழ்க்கையில் எந்த நாள்? இதை எழுதாமல் இறங்கினால் பாதி வழியில் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் மேலும் மேலும் படிக்கத் தோன்றும், படிக்கப் படிக்கச் செய்ததெல்லாம் தப்பாகத் தெரியும். எம்டன் 1909-ல் படையில் சேர்ந்தது. சமாதான காலத்தில் சீனக் கரையில் சிங்தாவ் துறையில் இருந்தபோது வெள்ளை உடலும் மஞ்சள் காவி மேல்கட்டுமானமுமாக இருக்கும். 'கிழக்கின் அன்னம்' என்று அதற்குச் செல்லப்பெயர். 1914-ல் போர் வந்ததும் சாம்பல் பூசிக்கொண்டது. அந்தச் சாம்பல் எம்டன்தான் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைக்கு வந்து நூற்றுச் சொச்சம் குண்டுகளைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு உண்டு. பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. ஆனால் சொல்பேச்சு கேட்காத பிள்ளையை "சரியான எம்டன்" என்று திட்டாத வீடு நம் பக்கம் குறைவு. என் அண்ணன் மகனுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

நான் எழுதிய நாள் சென்னை வந்த நாள் அல்ல. 1914 அக்டோபர் 28, பினாங்கு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வரி: எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு, தயவுசெய்து போட்டுப் பாருங்கள். மாடலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளவுவிகிதத்தால் பெருக்க வேண்டும். என் எம்டன் ஹாலில் டி.வி. பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்ப்பார்கள். 60-ஐ 350-ஆல் பெருக்கினால் 210 மீட்டர். அதாவது துறைமுகச் சுவரில் நின்றுகொண்டு 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும் நிஜக் கப்பலைப் பார்ப்பதும் இதுவும் ஒன்று. அந்தத் தூரத்தில் என்ன தெரியும்? புகைபோக்கிகள், கொடிமரங்கள், பீரங்கிகள், படகுகள், ஓரத்தில் கைப்பிடிக் கம்பிகளின் மெல்லிய கோடு. கதவின் கீல் தெரியாது. திருகாணியின் தலை நிச்சயம் தெரியாது. 1/700 அளவில் செய்கிறவர்களுக்கு அதே 60 சென்டிமீட்டர் 420 மீட்டராகிவிடும். அவர்கள் இன்னும் நிம்மதியாக இருக்கலாம், ஆனால் நான் பார்த்தவரைக்கும் அவர்கள்தான் எங்களைவிட அதிகமாகக் கஷ்டப்படுகிறார்கள்.

மூன்றாவது வரிதான் முக்கியம்: ஒரே ஒரு இடம். கப்பலில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் என் முழு உழைப்பும் போகும், அங்கே லூப் மாட்டலாம், நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். மற்ற இடங்களில் பெட்டியில் வந்ததைச் சுத்தமாக ஒட்டி, ஒழுங்காகச் சாயம் அடித்தால் போதும். அங்கெல்லாம் லூப் கிடையாது. வெறும் கண்ணுக்கு (சரி, நாற்பத்து மூன்று வயதுக் கண்ணாடி போட்ட கண்ணுக்கு) தெரியாததைச் செய்ய மாட்டேன் என்று சீட்டின் கீழே கையெழுத்தும் போட்டேன்.

நான் கொடுத்த ஒரு இடம், எம்டனின் நான்காவது புகைபோக்கி.

இல்லாத புகைபோக்கி

எம்டனுக்கு இருந்தது மூன்று புகைபோக்கிதான். அந்தக் கடல்களில் சுற்றிய பிரிட்டிஷ் குரூசர்களில் (எம்டன் மாதிரி வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்களில்) யார்மத் போன்றவற்றுக்கு நான்கு. எதிரி தூரத்தில் பார்த்ததும் முதலில் எண்ணுவது புகைபோக்கியைத்தான். அதனால் எம்டனின் துணை அதிகாரி மியூக்கே ஒரு யோசனை சொன்னார்: துணியால் நான்காவதாக ஒன்றை நிறுத்திவிடுவோம். முதலில் செய்தது தட்டையான கித்தான் துணி. பக்கவாட்டில் பார்த்தால் புகைபோக்கி, முன்னாலிருந்து பார்த்தால் கொடியில் காயும் வேட்டி. அப்புறம் மரச்சட்டம் கட்டித் துணி சுற்றி, கனமுள்ள ஒன்றாகச் செய்தார்கள். பினாங்குத் துறைமுகத்துக்குள் அதிகாலையில் அந்த நான்கு புகைபோக்கி வேஷத்தோடு நுழைந்து, ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த மாலுமிகளும் மாடல்தானே செய்திருக்கிறார்கள்! முழு அளவு மாடல். அதில் ஆணி தெரிகிறதா, தையல் நேராக இருக்கிறதா என்று யாரும் கவலைப்படவில்லை. எதிரி பார்க்கும் தூரத்தில் ஏமாந்தால் போதும். தட்டையானது போதவில்லை என்றதும் அந்த ஒன்றை மட்டும் திருத்தினார்கள், கப்பல் முழுவதையும் யார்மத்தாக மாற்றக் கிளம்பவில்லை. அதனால்தான் என் சீட்டில் பினாங்கு.

செய்முறை இதோ. பெட்டியில் வரும் புகைபோக்கிகளில் ஒன்றை ஒட்டி, காய்ந்ததும் அதன் மேல் சமையலறைப் பிளாஸ்டிக் உறையை இழுத்துச் சுற்றிக்கொள்ளுங்கள். இதுதான் அச்சு. டீ பேக் ஒன்றைப் பிரித்துத் தூளைக் கொட்டிவிட்டு, தாளைக் கழுவிக் காயவையுங்கள். டிஷ்யூ பேப்பரைவிட இந்தத் தாள் நல்லது, ஈரத்தில் கிழியாது, நெருக்கத்தில் பார்த்தால் நெசவு மாதிரியே இருக்கும். ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, தாளை அதில் நனைத்து, அச்சைச் சுற்றி ஒரே சுற்று. ஓரங்கள் 1 மில்லிமீட்டர் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் போதும். இழுத்து மழமழவென்று ஆக்க வேண்டாம். கித்தான் தொய்யும், சுருங்கும். எனக்கு முதல் தடவை கிரவுன் புத்தி வந்து, சுருக்கத்தையெல்லாம் நீவிவிட்டுப் பார்த்தால் தகரப் புகைபோக்கி மாதிரி இருந்தது. பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி சுற்றினேன்.

ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் உறையோடு சேர்த்து உருவினால் கழன்று வந்துவிடும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகள் நான்கை நின்றவாக்கில் ஒட்டி, மேலும் கீழும் வளையம் மாதிரி இரண்டு கட்டினேன், மரச்சட்டத்துக்காக. இந்த இடத்தில் மட்டும் லூப் போட்டேன், வெட்கமில்லாமல். மூன்று சாயங்காலம் ஆனது. பிஸ்மார்க்கின் விமானத்துக்கு ஆன மூன்று வாரத்தைவிட இந்த மூன்று நாளில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அதிகம், ஏனென்றால் மேல் வாய் திறந்திருக்கிறது, எட்டிப் பார்த்தால் சட்டம் தெரியும்.

கப்பலின் சாம்பலில் ஒரு சொட்டுப் பழுப்பு சேர்த்து அடித்தேன். துணியில் பூச்சு வேறு மாதிரி ஊறியிருக்கும் என்பது என் ஊகம், ஆதாரம் எதுவும் இல்லை. ஒட்டவில்லை. அவர்களும் வேண்டும்போது ஏற்றி, வேண்டாதபோது இறக்கியதுதானே. சும்மா நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

உடல்பகுதி இரண்டு பாதியாக வந்தால், மேல்தளத்தோடு சேர்த்து ஒட்டுவதற்கு முன்னால் வெறுமனே பொருத்திப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு லேப் தந்திரம் இருக்கிறது. பல்லில் மேல்கீழ் எங்கே உயரமாகப் படுகிறது என்று பார்க்க நீலக் கடித்தாள் வைப்போம். அதையே தளத்துக்கும் உடலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், இடிக்கும் இடத்தில் நீலம் ஒட்டும். அங்கே மட்டும் உப்புத்தாள் போட்டால் போதும். கடித்தாள் கிடைக்காதவர்கள் பழைய பில் புத்தகத்தில் இருக்கும் கார்பன் தாளை வைத்துக்கொள்ளலாம். இது ஐந்து நிமிட வேலை, பின்னால் புட்டி போட்டுத் தேய்க்கும் ஐந்து நாளை மிச்சப்படுத்தும். பக்கவாட்டில் நீளமாக ஒரு பிளவு ஓடினால் அது 200 மீட்டரிலும் தெரியும். எனவே உடல்பகுதிச் சேர்க்கையில் சோம்பல் பட வேண்டாம். நான் சொல்லும் கஞ்சத்தனம் இதற்குப் பொருந்தாது.

வட்டச் சன்னல்கள்: 30 சென்டிமீட்டர் சன்னல் 1/350-ல் 0.8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெட்டியிலேயே குழியாக வந்திருந்தால், 0.8 துரப்பணத்தைக் கைப்பிடியில் பொருத்தி விரலால் மெல்லச் சுழற்றி ஆழப்படுத்தலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம், பாட்டு கேட்டுக்கொண்டே செய்யலாம். அவசரப்பட்டு மெஷின் வைக்காதீர்கள். எனக்குக் கையில் மைக்ரோமோட்டார் இருக்கிறதே என்ற திமிர். நிமிடத்துக்கு 20,000 சுற்றில் வைத்தேன், பிளாஸ்டிக் வெட்டுப்படுவதற்குப் பதிலாக உருகி, சன்னல் இருந்த இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. புட்டி போட்டு மூடினேன். இடது பக்கம் பின்னாலிருந்து நான்காவது சன்னல் என் எம்டனில் கிடையாது. இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

பீரங்கிகள் பத்து. எல்லாம் 10.5 சென்டிமீட்டர் வாய்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, இருபுறமும் மும்மூன்று. 1/350-ல் குழலின் நீளம் 12 மில்லிமீட்டர், வாயின் துளை 0.3. பித்தளைக் குழல்கள் தனியாக விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. முன்னால் நிற்கும் இரண்டுக்கு மட்டும் ஊசி முனையால் வாயில் குத்தி ஒரு கருப்புப் புள்ளி வைத்தேன். கண் முதலில் முன்பக்கம் போகும், அங்கே துளையைப் பார்த்துவிட்டால் மற்ற எட்டிலும் துளை இருப்பதாக மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். இது மோசடி இல்லையா என்றால், ஆமாம், மோசடிதான். துணிப் புகைபோக்கி வைத்த கப்பலில் இதற்கென்ன.

நிறம் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. லேபில் பல்லின் ஷேடு ஏ2-வா ஏ3-யா என்று ஒரு பல்லுக்கு மூன்று பேர் சண்டை போடுவோம், வாயில் வைத்ததும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஜெர்மானியச் சாம்பலின் சரியான ஷேடு எது என்று வருடக்கணக்காக வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொதுவாக ஏற்றுக்கொண்ட ஒரு சாம்பலை எடுத்து, அதில் கொஞ்சம் வெள்ளை சேருங்கள். தூரத்துப் பொருள் வெளுத்துத் தெரியும் என்பதால் மாடலிலும் ஒரு படி வெளுத்திருந்தால் கண்ணுக்கு நிஜமாகப் படும். அதோடு அந்தக் கதையை விட்டுவிடுங்கள். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் பெயிண்ட் அடிக்க வேண்டாம், ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும். மாசியில் அடித்துக்கொள்ளலாம், கப்பல் எங்கேயும் ஓடிவிடாது.

கைப்பிடிக் கம்பிகள்

பித்தளைத் தகட்டு வேலையில் பலபேர் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு மீட்டர் உயரக் கம்பி 1/350-ல் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓரம் முழுக்கச் சுற்றி வர வேண்டும். போருக்கு ஆயத்தமாகும்போது பீரங்கிகள் திரும்ப வசதியாக இந்தக் கம்பிகளைச் சாய்த்துவிடுவது போர்க்கப்பல்களில் வழக்கம். என் சீட்டில் எழுதியிருப்பது பினாங்குக்குள் நுழைந்த விடியற்காலை. ஆகவே பீரங்கிகள் நிற்கும் இடங்களில் கம்பி வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். முன்னால் நங்கூரம் பக்கத்திலும் பின்னால் கொடிக்கம்பம் பக்கத்திலும் கொஞ்சம். மூன்றில் ஒரு பங்கு வேலை, பார்வைக்கு முழுக் கணக்கு. உங்கள் கப்பலிலும் இப்படி நியாயமான காரணம் எங்கேயாவது ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

போடும் இடத்தில் இப்படிச் செய்யுங்கள். தகட்டிலிருந்து வெட்டுவதற்கு முன்னாலேயே இருபுறமும் சாயம் அடித்துவிடுங்கள். தளத்தின் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்து, டேப்பை உரித்துத் தகட்டின் பக்கத்தில் வைத்தால் நீளம் துல்லியமாகக் கிடைக்கும். ஒரே நீளமாக ஒட்ட ஆசைப்படாதீர்கள். 4, 5 சென்டிமீட்டர் துண்டுகளாக, தூண் வரும் இடத்தில் முடித்து அடுத்ததைத் தொடங்குங்கள். ஃபெவிக்விக் பிடித்த பிடி விடாது, கோணலாக ஒட்டினால் கோணல்தான். நான் ஃபெவிகாலில் நிறுத்தி, நேராக்கி, காய்ந்ததும் இரண்டு முனையில் மட்டும் ஊசி நுனியால் ஃபெவிக்விக் தொட்டு வைப்பேன்.

அப்புறம் மின்விசிறி. சென்னைச் சித்திரையில் அதை நிறுத்தினால் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டும், போட்டால் கம்பி பறக்கும். இரண்டையும் பார்த்துவிட்டேன். இப்போது நான் வேலை செய்வது கல்யாணத் தாம்பாளத்துக்குள். விளிம்பு உயர்ந்திருப்பதால் பறப்பது விளிம்பில் முட்டி நிற்கும். ட்வீசரிலிருந்து தெறித்துப் போவதைப் பிடிக்க ஒரு பழைய வெள்ளைத் துண்டின் ஒரு முனையை மேஜை விளிம்பில் க்ளிப் போட்டு, மறுமுனையை இடுப்பில் செருகிக்கொள்வேன். லேபில் பீங்கான் வேலைக்கு இதையேதான் செய்கிறோம். அதையும் தாண்டி விழுந்ததை அம்மா காலையில் பெருக்கும்போது, முறத்தில் பார்த்துக் கொடுப்பார். சில நாள் கொடுத்தது கொசுவின் கால்.

கயிறுகள், ஊதுபத்தி

கொடிமரங்களுக்கு நடுவே ஓடும் கயிறுகளும் கம்பிகளும் இல்லாவிட்டால் அந்தக் காலக் கப்பல் மொட்டையாக இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் போட்டால் சிலந்தி வலை. நிஜத்தில் 2 சென்டிமீட்டர் கம்பி இந்த அளவில் ஒரு தலைமுடியைவிட மெல்லிசு. தையல் நூல் போட்டால் தாம்புக்கயிறு மாதிரி தெரியும். பெட்டியில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டம் இருக்கிறதே, ஸ்ப்ரூ, அதைத்தான் இழுத்துக் கயிறாக்க வேண்டும்.

விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மெழுகுவத்திச் சுடருக்கு மேலே ஒரு அங்குலம் தள்ளி, இரண்டு முனையையும் பிடித்துச் சப்பாத்திக் கட்டையை உருட்டுவது போல உருட்டிக்கொண்டே இருங்கள். சுடர் தொட்டால் எரியும், புகையும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நடுப்பகுதி முதலில் பளபளக்கும், பிறகு தொய்ய ஆரம்பிக்கும். அந்தத் தொய்வைப் பார்த்ததும் சுடரை விட்டு வெளியே எடுங்கள். இங்கேதான் சூட்சுமம்: உடனே இழுக்காமல் மனசுக்குள் "ஒண்ணு" என்று எண்ணிவிட்டு, இரண்டு கையையும் ஒரே வேகத்தில் விரியுங்கள். வேகமாக விரித்தால் மெல்லிசு, மெதுவாக விரித்தால் தடிமன். முழுக்கை விரிந்ததும் அப்படியே பத்து விநாடி பிடித்திருங்கள், அதற்குள் ஆறி நேராக நின்றுவிடும். முதல் ஐந்தாறு அறுந்து போகும். அறுந்தால் போகட்டும், இதற்குக் காசா பணமா, குப்பைக்குப் போக வேண்டிய பிளாஸ்டிக்தானே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் இழுத்து இருபது கயிறு சேர்த்து, ஸ்ட்ராவுக்குள் போட்டு வைத்துக்கொள்வேன்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் ஒரு பொட்டு. இரண்டு முனையும் காய்ந்த பிறகு பார்த்தால் நடுவில் கொஞ்சம் தொங்கும். பயப்பட வேண்டாம். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, தணலைக் கயிற்றுக்குக் கீழே அரை அங்குலம் தள்ளி மெதுவாக நகர்த்துங்கள். கயிறு தானாகச் சுருங்கி வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொள்ளும். கண் முன்னால் நடக்கும், அந்த ஒரு விநாடிக்காகவே நான் கயிறு கட்டுகிறேன் என்று சொன்னாலும் தப்பில்லை. கிட்டே கொண்டுபோனால் பட்டென்று அறுந்துவிடும், கவனம். சாமி அலமாரியிலிருந்து பத்தியை எடுத்ததற்கு அம்மா கோபித்துக்கொள்வார், தனியாக ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை கயிறு? கப்பலின் படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் எண்ணுங்கள், அதில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாலும் தெரிகிறவற்றை மட்டும் போடுங்கள். கொடிமரங்களுக்கு இடையே ஓடும் வயர்லெஸ் கம்பிகள், முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய பெரிய கம்பிகள், கொடி ஏற்றும் கயிறு ஓரிரண்டு. எனக்குப் பதினாறோடு முடிந்தது. பதினேழாவதைக் கையில் எடுத்தபோது கொட்டாவி வந்தது, கீழே வைத்துவிட்டேன்.

எப்போது எழுந்திருப்பது

நான் தினமும் உட்காருவது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முக்கால் மணி நேரம். அதற்கு மேல் உட்கார்ந்தால் கை நடுங்காவிட்டாலும் புத்தி நடுங்கும், ஒட்டக்கூடாததை ஒட்டிவிடுவேன். எழுந்திருக்கும்போது மறுநாளைக்கு ஒரு சுலபமான வேலையை மேஜையில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பேன். ஒரு படகுக்குச் சாயம், ஒரு நங்கூரத்தை உரசுவது, அந்த மாதிரி. கஷ்டமான இடத்தில் நிறுத்திவிட்டுப் போனால் மறுநாள் மேஜைப் பக்கம் போகவே தோன்றாது. பிஸ்மார்க்கை நான் ஒவ்வொரு ராத்திரியும் கஷ்டமான இடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

வேலைக்கு நடுவில் புதிய ஆசை வரும். யாரோ செய்த எம்டனில் மாலுமிகள் எல்லாம் நிற்பார்கள், 5 மில்லிமீட்டர் ஆட்கள், தொப்பியில் ரிப்பன் வேறு. அப்படி ஆசை வந்தால் சீட்டை எடுத்துப் பின்பக்கம் எழுதி வைப்பேன்: "அடுத்த கப்பலுக்கு." இந்தக் கப்பலில் கை வைக்க மாட்டேன். பின்பக்கம் இப்போது நிரம்பிவிட்டது.

ஐந்து மாதத்தில் முடிந்தது. 34 சென்டிமீட்டர் கப்பல், நடு மேஜையில் வைத்துவிட்டு நான் காபி போடப் போயிருந்தேன். அண்ணன் மகன் ஸ்கூலிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றபடியே பார்த்திருக்கிறான்.

"அத்தை, நீ தப்பா ஒட்டிட்ட. பெட்டி மேல மூணுதான் இருக்கு, இதுல நாலு."

"கிட்டப் போய்ப் பாருடா," என்றேன் சமையலறையிலிருந்து.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஐயே, இது டீத்தூள் பையி," என்றான். வெளியே வந்து பார்த்தால், நான்காவது புகைபோக்கி அவன் ஆள்காட்டி விரலில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது.